முகக்கவரித் தடிப்பு எப்போது ஆபத்தாகிறது?

புகைமூட்டம் வந்தாலும் சரி, பள்ளிகளில் சளிக்காய்ச்சல் பரவினாலும் சரி, முகக்கவரி மறுபடி வெளியே வந்துவிடுகிறது, கூடவே வாட்ஸ்அப் குரல் செய்திகளும் வந்துவிடுகின்றன. மாஸ்க் போட்டே முகம் வீங்கிக் கிருமி மூளைக்கு ஏறிவிடும், தூக்கி எறியுங்கள் என்று ஒரு பக்கம். அதெல்லாம் வெறும் பருதான், இரண்டு நாளில் போய்விடும் என்று இன்னொரு பக்கம். இரண்டுமே தவறு. இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் அதை நம்பியவர் கன்னம் வீங்கி, காய்ச்சலும் வந்த பிறகு மூன்று நாள் வீட்டிலேயே படுத்திருக்கிறார்.

நேரடியான பதில் இது. முகக்கவரியால் வந்த தோல் எரிச்சல், கடுமையான பாக்டீரியா தொற்றாக மாற முடியும். அப்படி மாறுவது அரிது. முகக்கவரி கிருமியை உண்டாக்குவதில்லை, அது தோலைத் தேய்க்கிறது, ஊறவைக்கிறது. தோல் உடைந்த இடத்தின் வழியாக, ஏற்கெனவே நம் மூக்கிலும் தோலிலும் குடியிருக்கும் கிருமி உள்ளே போகிறது. நடுவில் பல கட்டங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் நிறுத்த முடியும். எந்தக் கட்டத்தில் எப்படி இருக்கும் என்பதைத்தான் கீழே விளக்குகிறேன்.

## முதலில் மதிலைப் பார்ப்போம்

தோலின் மேல்பரப்பில் இருப்பவை உயிரில்லாத செல்கள். பதினைந்து இருபது அடுக்கு இருக்கும், எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு தாளைவிட மெல்லியது. செங்கல் அடுக்கிய மாதிரி செல்கள், சாந்து பூசிய மாதிரி இடையில் கொழுப்பு. இந்த மதில் உடையாதவரை வெளியே இருக்கும் பாக்டீரியா வெளியேதான் இருக்கும். அதோடு, தோலின் மேல்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் அளவு ஏறக்குறைய 5. பல நோய்க் கிருமிகளுக்கு அந்தச் சூழல் ஒத்துவராது.

முகக்கவரி இந்த மதிலை நான்கு வழிகளில் கெடுக்கிறது.

1. உரசல். மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, தாடை, காதின் பின்புறம் ஆகிய இடங்களில்தான் இது அதிகம். பேசும்போது தாடை அசைகிற ஒவ்வொரு முறையும் துணி தோலை இழுக்கிறது. என்95 வகையில் மூக்கின் மேல் வரும் உலோகப் பட்டை ஒரே இடத்தை மணிக்கணக்கில் அழுத்துகிறது. உரசலாலும் அழுத்தத்தாலும் வரும் பருக்களை 'ஆக்னி மெக்கானிக்கா' என்ற பெயரில் தோல் மருத்துவர்கள் 1975இலேயே விவரித்திருக்கிறார்கள், ஆக இது கோவிட் கொண்டுவந்த புது நோய் கிடையாது.

2. ஈரம். பினாங்கு ஜார்ஜ்டவுனின் கொம்தாரில் பஸ் இறங்கி, லெபோ பசார் தெரு வரை மதிய வெயிலில் நடந்து போய் மாஸ்க்கைக் கழற்றிப் பாருங்கள். உள்பக்கம் நனைந்திருக்கும், மேலுதட்டுக்கு மேலே தோல் ஊறி, லேசாக வெளுத்திருக்கும். அந்த ஊறிய தோலைச் சொறிந்தால், காய்ந்த தோலைவிடச் சீக்கிரம் பிய்ந்துவிடும். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் அது தானாகக் காய்வதும் மெதுவாகத்தான்.

3. சூடு. தோலின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினால் எண்ணெய்ச் சுரப்பு ஏறக்குறைய 10 விழுக்காடு கூடும். எண்ணெய் கூடினால் மயிர்க்கால்கள் அடைபடுகின்றன.

4. ரசாயனம். காதில் மாட்டும் ரப்பரில் உள்ள சில பொருட்கள், சில மாஸ்க்குகளில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு, துணி மாஸ்க்கில் சரியாக அலசாமல் விட்ட சோப்புத்தூள். மூக்கடைப்புக்கு என்று மாஸ்க்கின் உள்ளே மின்யாக் ஆங்கின் என்ற காரமான தைலத்தைத் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். மூடிய இடத்தில், ஊறிய தோலில் அது நாள் முழுக்க எரிக்கும்.

இங்கே ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 'எரிச்சல் அழற்சி' என்பது தோல் அடிபட்டதால் வருவது, யாருக்கும் வரலாம், பட்ட இடத்தில் மட்டும் வரும். 'ஒவ்வாமை அழற்சி' என்பது குறிப்பிட்ட ஒரு பொருளை உடம்பு எதிரியாக எடுத்துக்கொள்வதால் வருவது, சிலருக்கு மட்டும்தான் வரும், அரிப்பு அதிகமாக இருக்கும், அந்தப் பொருளை மாற்றாமல் போகாது. தொற்று இந்த இரண்டும் இல்லை. ஆனால் இரண்டுமே தொற்றுக்கு வாசலைத் திறந்துவிடலாம்.

## யாருக்கு அதிகம் நடந்திருக்கிறது

பொது இடத்தில் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றுகிறவர்களுக்கு இதெல்லாம் பெரும்பாலும் வருவதில்லை. நேரம்தான் இங்கே முக்கியம். 2003இல் சார்ஸ் பரவியபோது மாஸ்க் போட்டு வேலை செய்த சிங்கப்பூர் மருத்துவப் பணியாளர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2006இல் வந்தது. என்95 தொடர்ந்து அணிந்த 307 பேரில் 109 பேருக்கு, அதாவது 35.5 விழுக்காட்டினருக்குத் தோல் பிரச்சினை. பரு, அரிப்பு, தடிப்பு என்ற வரிசையில். 2020இல் சீனாவின் ஹூபே மாநிலத்தில் கோவிட் வார்டுகளில் இருந்த 542 பணியாளர்களிடம் கேட்டபோது 97 விழுக்காட்டினர் தோல் பாதிப்பு என்றார்கள், அதிகம் அடிபட்ட இடம் மூக்குத் தண்டு.

இந்த எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இவை எரிச்சலைப் பற்றியவை, தொற்றைப் பற்றியவை அல்ல. எரிச்சல் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதோடு முடிந்துவிட்டது.

மலேசியாவில் முகக்கவரி 2020 ஆகஸ்ட் 1 முதல் பொதுப் போக்குவரத்திலும் கூட்டமான இடங்களிலும் கட்டாயமாக இருந்து, 2022 செப்டம்பர் 7இல் பெரும்பாலான உள்ளரங்குகளிலும் விருப்பத்துக்கு விடப்பட்டது. அதோடு விஷயம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பினாங்கில் அப்படி இல்லை. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரத்தின் மின்னணுத் தொழிற்சாலைகளில், தூசியே இருக்கக் கூடாத 'கிளீன் ரூம்' பகுதிகளில் வேலை செய்கிறவர்கள் கோவிட்டுக்கு முன்பும் மாஸ்க் போட்டார்கள், இன்றும் போடுகிறார்கள். தலைமூடி, மாஸ்க், கையுறை எல்லாம் சேர்த்து, 12 மணி நேர ஷிஃப்ட். இடையில் நினைத்தபோது வெளியே வந்து முகத்தைத் துடைக்க முடியாது. நம் பெண்கள் ஏராளமானோர் அங்கே இருக்கிறார்கள். முகத்தில் சீழ்க் கட்டி வந்தாலும், எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் வருகைப் படி போய்விடுமே என்று வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்காகத்தான்.

## உள்ளே போகும் இரண்டு கிருமிகள்

முதலாவது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். நுண்ணோக்கியில் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். ஏறக்குறைய 10 பேரில் 3 பேருடைய மூக்கின் முன்பகுதியில் எந்தத் தொந்தரவும் தராமல் இது வாழ்கிறது. மாஸ்க் மூடுவது எந்த இடத்தை என்று யோசித்தால் விஷயம் புரிந்துவிடும். மூக்கைத் தொட்ட விரல் அடுத்து தொடுவது மூக்குத் தண்டில் உரிந்த தோலைத்தான். இந்தக் கிருமி உள்ளே போனால் தன்னைச் சுற்றி ரத்தத்தை உறையவைத்து ஒரு வேலி கட்டிக்கொள்ளும், அதனால்தான் இது உண்டாக்குவது பெரும்பாலும் ஓரிடத்தில் திரளும் சீழ்க் கட்டி.

இரண்டாவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ், மணிமாலை மாதிரி வரிசையாக இருக்கும், தொண்டைப் புண்ணுக்கும் இதுதான் காரணம். இதன் குணம் நேரெதிர். திசுக்களை ஒட்டவைக்கும் பசையையே கரைக்கும் நொதிகளை இது வெளியிடுகிறது, அதனால் ஓரிடத்தில் நிற்காமல் தோலுக்கடியில் பரவும். சீழ் அதிகம் தெரியாது, சிவப்புதான் நகர்ந்துகொண்டே போகும்.

கட்டி என்றால் பயம், வெறும் சிவப்பு என்றால் பயமில்லை என்று நம்மில் பலர் நினைப்பது இந்த இடத்தில்தான் ஏமாற்றிவிடுகிறது.

## கட்டங்கள்

1. மயிர்க்கால் அழற்சி. ஒவ்வொரு மயிர்க்காலிலும் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி, நுனியில் மஞ்சள். ஆண்களுக்குச் சவரம் செய்த இடத்தில் மாஸ்க் உரசும்போது இது நிறைய வரும். பெரும்பாலும் தானே ஆறிவிடும்.

2. சிரங்கு, அதாவது இம்பெடிகோ. தேன் காய்ந்த மாதிரி மஞ்சள் பொருக்கு, மூக்கைச் சுற்றியும் வாயைச் சுற்றியும். குழந்தைகளுக்கு அதிகம், துண்டைப் பகிர்ந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒட்டும். கொப்புளத்தைப் பார்த்ததும் அம்மை என்றோ அக்கி என்றோ முடிவு செய்து மருந்தே கொடுக்காமல் விடும் பழக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது, அது வேண்டாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சிரங்கு வந்து ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும். காலையில் கண்ணிமை வீங்கி, சிறுநீர் கோப்பி-ஓ (பாலில்லாத காப்பி) நிறத்தில் போனால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

3. சீழ்க் கட்டி. வலியோடு, சூடாக, நடுவில் திரண்டு வரும். பெரிதாகிவிட்டால் மாத்திரை மட்டும் போதாது, சீழ் தேங்கிய குழிக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. கிளினிக்கில் முறையாகக் கீறி எடுக்க வேண்டியிருக்கும்.

4. செல்லுலைட்டிஸ். தோலுக்கடியில் உள்ள திசு முழுதும் பரவும் தொற்று. கன்னம் சிவந்து, பளபளத்து, தொட்டால் சுடும். பலருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். நம் நிறத்தில் சிவப்பு தெளிவாகத் தெரியாது, கருஞ்சிவப்பாகவோ வெறும் வீக்கமாகவோ மட்டும் தெரியலாம், ஆகவே சூட்டையும் வலியையும் நம்புங்கள். இந்தக் கட்டத்தில் வீட்டு வைத்தியம் கூடவே கூடாது.

5. கண், மூளை, ரத்தம். மிக அரிது. வாட்ஸ்அப் செய்தி நேராக இங்கே குதித்துவிடுகிறது, நடுவில் இருக்கும் நான்கையும் விட்டுவிடுகிறது.

## முகம் ஏன் தனி

காலில் கட்டி வருவதும் மூக்குக்கு அருகில் வருவதும் ஒன்றல்ல. இரு வாயோரங்களையும் மூக்கின் மேற்பகுதியையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். பழைய மருத்துவர்கள் இதை முகத்தின் ஆபத்து முக்கோணம் என்றார்கள். இந்தப் பகுதியிலிருந்து வரும் சிரைகள் கண்ணோரமாகப் போய், கண்குழிச் சிரைகள் வழியாக, மூளைக்கு அடியில் இருக்கும் காவெர்னஸ் சைனஸ் என்ற ரத்தத் தேக்கத்தோடு தொடர்பு கொண்டவை. ரத்தம் இரு பக்கமும் போகக்கூடிய பாதை அது. முகத்தில் இருக்கும் தொற்று அந்த வழியில் போய் அங்கே ரத்தத்தை உறையவைத்தால், கண்ணை அசைக்கும் நரம்புகள் அங்கேயே ஓடுவதால், தலைவலி, இமை வீக்கம், இரட்டைப் பார்வை, அப்புறம் மறு கண்ணுக்கும் பரவுதல் என்று வரும். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இதில் பிழைத்தவர் அநேகமாக இல்லை.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் 1915இல் இறந்தது மேலுதட்டில் வந்த ஒரு சீழ்ப் புண் ரத்தத்தில் கலந்ததால். எகிப்திய மன்னன் துத்தன்காமன் கல்லறை அகழ்வுக்குப் பணம் கொடுத்த கார்னர்வன் பிரபு 1923இல் கெய்ரோவில் இறந்ததற்குத் தொடக்கம், கன்னத்தில் கொசு கடித்த இடத்தைச் சவரக்கத்தி கீறியது. 1941 பிப்ரவரியில், ஆக்ஸ்ஃபர்டில், தொற்றுள்ள நோயாளிக்கு முதன்முதலில் பென்சிலின் ஊசி முறையாகக் கொடுத்துப் பார்த்தபோது அந்த நோயாளி ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரர். முகத்தில் ஏற்பட்ட ஒரு காயத்தில் இதே இரண்டு கிருமிகளும் புகுந்து, ஒரு கண்ணையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. மருந்து கொடுத்ததும் தேறினார், அவருடைய சிறுநீரிலிருந்தே பென்சிலினைப் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றினார்கள், கையிருப்பு தீர்ந்தது, மார்ச் 15இல் இறந்துவிட்டார். அன்று அவருக்குப் போதிய அளவு கிடைக்காத மருந்து இன்று நம் ஊரில் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது. நேரத்தில் போய்ச் சேர வேண்டியதுதான் நம் பொறுப்பு.

## இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தால்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் கிருமியைத் தின்னும் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும். மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வில் 2019இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், 2023இல் 15.6 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் விகிதம் அதிகம். தங்களுக்கு இருப்பதே தெரியாதவர்களும் இதில் அடக்கம். மாஸ்க் படுகிற இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வருகிறது, ஆற மாட்டேன் என்கிறது என்றால் மாஸ்க்கைக் குறை சொல்வதோடு நிறுத்தாமல் ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பாருங்கள். முதன்முதலாக நோய் தெரியவருவது இப்படியும்தான். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஏற்கெனவே எக்சிமா உள்ளவர்கள், இவர்களும் சின்னப் புண்ணை நாள் கடத்தக் கூடாது.

## நாமே கெடுத்துக்கொள்ளும் விதம்

பிதுக்குவதுதான் முதல். நகத்தால் அழுத்தும்போது சீழில் பாதி வெளியே வந்தாலும் மீதி உள்ளே, ஆழத்துக்குப் போகிறது. அதிலும் மூக்கோரத்தில்.

அடுத்து, அலமாரியில் கிடக்கும் ட்யூப். தமிழ்நாட்டுக்குப் போய்வரும்போது வாங்கிவந்த, சொறி, படை, அரிப்பு எல்லாவற்றுக்கும் ஆகும் என்று குடும்பமே தடவிக்கொள்ளும் கிரீம். அந்தக் கலவைகளில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. தடவிய மறுநாள் சிவப்பு குறையும், அரிப்பு நிற்கும், குணமாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் சிவப்பு என்பது உடம்பு கிருமியோடு போராடுவதன் அடையாளம். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அமர்த்துகிறது, கிருமிக்கு ஒன்றும் செய்வதில்லை. கிருமியைக் கொல்லும் மருந்து சேராமல் அதைத் தடவிக்கொண்டே இருந்தால் உள்ளே தொற்று வளரும். மருத்துவர் பார்த்து, தொற்று இல்லை என்று உறுதி செய்து, சில நாளுக்கு மட்டும் எழுதிக் கொடுப்பது வேறு.

மூன்றாவது, போன தடவை தொண்டைவலிக்குக் கொடுத்து மீதி வைத்த ஆன்டிபயாடிக். இன்று ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸில் பெரும்பாலானவை சாதாரணப் பென்சிலினையும் அமாக்சிசிலினையும் உடைக்கும் நொதியை வைத்திருக்கின்றன. அதனால்தான் மருத்துவர்கள் கிளாக்சாசிலின், செஃபலெக்சின் போன்றவற்றை எழுதுகிறார்கள். அதற்கும் அடங்காத எம்ஆர்எஸ்ஏ என்ற வகை வேறு இருக்கிறது. பொருந்தாத நான்கு மாத்திரையைப் போட்டு நாள் கடத்துவதைவிட, அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டணத்துக்கு வரிசையில் நிற்பது எவ்வளவோ மேல். பற்பசை, எலுமிச்சை, கலக்காத கிருமிநாசினித் திரவம் போன்றவை ஏற்கெனவே உடைந்த தோலை இன்னும் எரிக்கும்.

## எப்போது காத்திருக்கக் கூடாது

வீட்டில் செய்யக்கூடிய ஒரு நல்ல காரியம்: வீங்கிச் சிவந்த இடத்தின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிடுங்கள். சில மணி நேரத்தில் வீக்கம் கோட்டைத் தாண்டினால் பரவுகிறது என்று அர்த்தம், மருத்துவரும் அந்தக் கோட்டைப் பார்த்தே எவ்வளவு வேகம் என்று கணிப்பார்.

அன்றே கிளினிக் போக வேண்டியவை:

1. வலி நாளுக்கு நாள் கூடுகிறது, சீழ் திரள்கிறது.
2. தேன் நிறப் பொருக்கு பரவுகிறது.
3. கோடு தாண்டிவிட்டது, அல்லது லேசான காய்ச்சல்.

நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு, அல்லது 999:

1. கண்ணிமை வீங்கிக் கண் திறக்கவில்லை, கண்ணை அசைத்தால் வலி, பார்வை மங்கல் அல்லது இரண்டாகத் தெரிதல், கண் முன்னே தள்ளிக்கொண்டு வருதல்.
2. கடும் தலைவலியோடு காய்ச்சல், கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு.
3. உடம்பு தூக்கிப்போடும் நடுக்கம், வேகமான மூச்சு, கிறுகிறுப்பு, சிறுநீர் குறைந்து போதல்.
4. வெளியே தெரிகிற புண்ணுக்குப் பொருந்தாத அளவுக்கு வலி, தோல் கறுத்து வருதல். தசையுறையை அழிக்கும் தொற்று முகத்தில் மிக அரிது, ஆனால் மணிக்கணக்கில் முற்றும்.

## மாஸ்க்கை விடாமல் தோலைக் காப்பது

புகைமூட்டத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை, அப்போது மாஸ்க் தேவைதான், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ரொம்பவே தேவை. ஆகவே கழற்றி எறிவது தீர்வாகாது.

நனைந்தால் மாற்றுங்கள், நனையாவிட்டாலும் ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. துணி என்றால் சோப்பு வாசம் போகும்வரை அலசி, வெயிலில் காயவைத்து, தினமும். வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை மாஸ்க் போடுவதற்கு அரை மணி நேரம் முன்பே தடவி ஊறவிடுங்கள். மூக்குத் தண்டு உரிந்திருந்தால் ஹைட்ரோகொலாய்டு என்ற, புண்ணை மூடும் மெல்லிய ஜெல் பட்டை ஒட்டலாம். என்95 போட்டு வேலை செய்கிறவர்கள் பட்டை ஒட்டினாலோ வாஸலின் தடவினாலோ ஓரம் சரியாக ஒட்டுகிறதா என்று மறுபடி பரிசோதிக்க வேண்டும், காற்று கசிந்தால் அந்த மாஸ்க்கால் பயனில்லை. சவரத்தை ஷிஃப்டுக்கு முன் அவசரமாகச் செய்யாமல் முந்தின இரவே செய்தால் கீறல் ஆற நேரம் கிடைக்கும். கிளீன் ரூமில் கிரீம் பூசிக்கொண்டு போகக் கூடாது என்று விதி இருந்தால், வேலை முடிந்து முகம் கழுவியதும் தடவுங்கள், அப்புறம் மாஸ்க்கின் அளவையும் வகையையும் மாற்றித் தரும்படி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். தழும்பு விழுந்த மூக்கைக் காட்டிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது எத்தனை நாளாக இருக்கிறது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மாஸ்க் போடுகிறீர்கள், இனிப்புநீர் உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இந்த நான்கையும் சொல்லுங்கள். முகத்தில் தடவிய ட்யூப்பையும் வெட்கப்படாமல் கையோடு கொண்டுபோங்கள், அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்தால்தான் சிவப்பு ஏன் வந்தது, ஏன் மறைந்தது, ஏன் திரும்பவும் வந்தது என்று அவருக்குத் தெரியும். கட்டி பெரிதாக இருந்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ சீழை லேப்புக்கு அனுப்பலாமா என்று கேளுங்கள், எம்ஆர்எஸ்ஏ இருந்தால் அதில் தெரிந்துவிடும். மருந்தை எழுதிக் கொடுத்த நாள்வரை முழுதாக எடுக்க வேண்டும். பொருக்கு உதிர்ந்து புதுத் தோல் மூடும்வரை அந்த இடத்தில் படாத வடிவத்தில் உள்ள மாஸ்க்கைப் பயன்படுத்துங்கள், புண் இருந்தபோது போட்ட துணி மாஸ்க்கையும் முகம் துடைத்த துண்டையும் தலையணை உறையையும் வெந்நீரில் துவைத்துவிடுங்கள்.